முதல் பாம்பு வாங்கப் போறீங்களா? கலரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்க!

நாய், பூனை, மீன் தொட்டி எல்லாம் பழசு. இன்ஸ்டாவைத் திறந்தால், மஞ்சள் நிறப் பாம்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவர் கூலாக காபி குடிக்கிறார். கீழே கமென்ட்டில் வரிசையாக ஒரே கேள்வி: ``ப்ரோ, இது எங்க கிடைக்கும்? என்ன ரேட்டு?''

உண்மையில் இந்த இரண்டும் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பாம்பை வைத்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறதா? இது எங்கே பிறந்தது? இன்னும் 20 வருஷத்துக்கு இதை என்னால் பார்த்துக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் கலர், ரேட் பற்றிப் பேசலாம்.

நம்ம ஊர்ப் பாம்பு... நோ சான்ஸ்!

``சாரைப்பாம்புக்குத்தான் விஷம் இல்லையே, அதை வளர்த்தா என்ன?'' என்று சிலர் நினைக்கிறார்கள். விஷம் இருக்கிறதா, இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு என நம் காட்டிலும் வயலிலும் இருக்கும் பாம்புகளைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். முதல் பட்டியலில் இருக்கும் மலைப்பாம்பு போன்றவை என்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. ரீல்ஸ் எடுத்துப் போட்டால், நீங்களே சாட்சியை அப்லோடு செய்த மாதிரிதான்.

மண்ணுளிப் பாம்புக்கு இதில் தனி சோகம். `அதிர்ஷ்டம் கொடுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும்' என்று கிளப்பிவிட்ட கதையால் பிடித்து விற்கப் பார்த்து, கைதானவர்கள் ஏராளம். அந்தப் பாம்புக்கு இரண்டு தலையும் கிடையாது, அதில் அதிர்ஷ்டமும் கிடையாது. வால் மழுங்கலாக, தலை மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

பர்மீஸ் பைத்தான், ரெட்டிகுலேட்டட் பைத்தான் என்று `ஃபாரின்' பெயரில் விற்கப்படும் பாம்புகளிலும் உஷார். பர்மீஸ் பைத்தான் நம் வடகிழக்கு மாநிலங்களிலும், ரெட்டிகுலேட்டட் நிகோபார் தீவுகளிலும் வாழ்பவை. அதனால் அவற்றுக்கும் இதே சட்டம்தான். இரண்டுமே 15 அடியைத் தாண்டி வளரக்கூடியவை என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் பிகினருக்கு ஆகாது.

பேப்பர் இல்லைன்னா பாம்பும் வேண்டாம்

சரி, நிஜமான வெளிநாட்டுப் பாம்பு? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அழிவு அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த சைட்ஸ் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை, 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் நம் சட்டத்தின் நான்காவது பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 2024-ல் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக, மாநில தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்தாலும், குட்டி வந்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும்.

ரீல்ஸில் அதிகம் பார்க்கும் பால் பைத்தான் இந்தப் பட்டியலில் வருகிறது. கார்ன் ஸ்நேக் வராது. அதனால் கார்ன் ஸ்நேக்கை எப்படியும் வாங்கலாம் என்று அர்த்தம் இல்லை. உயிருள்ள விலங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதி தேவை. அது இல்லாமல் வந்த பாம்பு கடத்தல் பாம்புதான். விற்பவர் `பேப்பரெல்லாம் அப்புறம் தர்றேன்' என்றால், நீங்களும் பணத்தை `அப்புறம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். வாங்கும் முன் உங்கள் பகுதி வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

எங்கே பிறந்தது?

2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த பயணி ஒருவரின் டிராலி பேக்கைத் திறந்த சுங்க அதிகாரிகளுக்கு அதிர்ச்சி. உள்ளே 47 மலைப்பாம்புகள், இரண்டு பல்லிகள். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களிலும் இப்படிப் பல தடவை பிடிபட்டிருக்கின்றன. பிடிபடாமல் வெளியே வந்தவைதான் `சீப் ரேட்'டில் இன்பாக்ஸுக்கு வருகின்றன.

சட்டப் பிரச்னையை விடுங்கள். அந்தப் பாம்பின் நிலையை யோசியுங்கள். துணிப்பையில் முடிச்சுப் போட்டு, தண்ணீர் இல்லாமல், சூட்கேஸுக்குள் பல மணி நேரம் அடைபட்டு வந்தது அது. உடம்பில் தண்ணீர்ச்சத்து வற்றியிருக்கும். செதில் இடுக்கில் உண்ணி, வயிற்றில் புழு, நுரையீரலில் தொற்று என எது வேண்டுமானாலும் இருக்கலாம். காட்டில் பிடித்த பாம்பு என்றால், நாம் கொடுக்கும் செத்த எலியைச் சாப்பாடாகவே நினைக்காது. அனுபவசாலியே திணறும் இந்தப் பாம்பை, முதல் முறை வளர்ப்பவர் எப்படிக் காப்பாற்றுவார்?

அதனால்தான் உலகமெங்கும் பாம்பு வளர்ப்பவர்கள் முதலில் சொல்வது, `வளர்ப்பில் பிறந்த குட்டியை வாங்கு' என்பது. அது எப்போது முட்டையிலிருந்து வந்தது, தாய் தகப்பன் எது, எத்தனை தடவை சாப்பிட்டது, கடைசியாக எப்போது சட்டை உரித்தது என்று வளர்த்தவரிடம் குறிப்பு இருக்கும். `என் கண் முன்னாடி ஒரு தடவை சாப்பிட வைங்க' என்று கேளுங்கள். நேர்மையான ஆள் தயங்க மாட்டார்.

பால் பைத்தானா, கார்ன் ஸ்நேக்கா?

பிகினருக்கு என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் பெயர்கள் இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் விஷம் இல்லை.

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. மெலிந்த உடம்பு, 3 முதல் 5 அடி நீளம், 15 முதல் 20 வருஷம் ஆயுள். பெரும்பாலும் சாப்பாட்டில் அடம் பிடிக்காது. சுறுசுறுப்பு அதிகம் என்பதால், பெட்டியில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் எஸ்கேப்!

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நீளம் அதே 3 முதல் 5 அடிதான், உடம்பு மட்டும் குண்டு. பயந்தால் கடிப்பதைவிட, தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளவே பார்க்கும். பெயர்க் காரணம் அதுதான். நிதானமான பாம்பு. ஆனால், திடீரென்று சாப்பாட்டை நிறுத்தி, மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஆரோக்கியமான பாம்புக்கு அது சகஜம். முதல் முறை வளர்ப்பவருக்கோ தூக்கம் போய்விடும்.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பால் பைத்தானில் `ஸ்பைடர்' என்றொரு ரகம். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகளோடு அழகாக இருக்கும். ஆனால், அந்த அழகைத் தரும் அதே மரபணு, உடம்பைச் சமநிலையில் வைத்திருக்கும் திறனையும் பாதிக்கிறது. தலை தள்ளாடும், சிலது இரையைச் சரியாகக் குறிவைக்கவே கஷ்டப்படும். அது `டான்ஸ்' ஆடுகிறது என்று போடப்படும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

எது ஈஸி என்றால், நம் ஓட்டு கார்ன் ஸ்நேக்குக்கு.

சென்னை வெயிலில் ஒரு பெட்டி

பாம்பால் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கும், போதும் என்றால் குளிர்ச்சியான இடத்துக்கும் நகரும். அதனால் பெட்டிக்குள் இரண்டும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியும், மறுபக்கம் 25-ஐ ஒட்டியும் இருக்கலாம். பால் பைத்தானுக்கு இரண்டு பக்கமும் ஓரிரு டிகிரி கூடுதலாகத் தேவை. காற்றில் ஈரப்பதமும் சுமார் 60 சதவிகிதம் வேண்டும்.

வெளிநாட்டு யூடியூபர்கள் எல்லோரும் பெட்டியைச் சூடாக்குவது எப்படி என்றே பாடம் எடுப்பார்கள். நமக்குப் பிரச்னை தலைகீழ். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடி ரூமில், மூடிய பெட்டிக்குள் பாம்பு வெந்துவிடும். பவர் கட் ஆனால் ஏசியும் நிற்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எது, இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹீட் மேட் வைத்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லையென்றால் பாம்பின் வயிறு பொசுங்கிவிடும்.

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் பெட்டி, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், இரண்டு தெர்மாமீட்டர், நல்ல பூட்டு. பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே இதையெல்லாம் ஓடவிட்டு, வெப்பநிலையைப் பாருங்கள்.

பால் குடிக்காது பாஸ்!

புற்றுக்குப் பால் ஊற்றும் ஊர் நம்முடையது. ஆனால், பாம்புக்குப் பால் உணவே இல்லை, அது செரிக்கவும் செரிக்காது. அதற்குத் தேவை எலி. முழு எலி. உறையவைத்த எலியை வாங்கி, ஃப்ரீசரில் வைத்து, வெந்நீரில் இளஞ்சூடாக்கி, இடுக்கியால் கொடுக்க வேண்டும். பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடத்தின் அளவுக்கு எலி இருந்தால் போதும். குட்டிக்கு வாரம் ஒரு தடவை, வளர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை.

வீட்டு எலியைப் பிடித்துப் போடும் ஐடியா வேண்டாம். அதன் உடம்பில் எலி மருந்தும் புழுவும் இருக்கலாம். உயிருள்ள எலியும் வேண்டாம், திருப்பிக் கடித்துப் பாம்பைக் குதறிவிடும். `நம்ம ஃப்ரீசர்ல ஐஸ்க்ரீம் பக்கத்துல எலியா?' என்று அம்மா கேட்பார் அல்லவா... அதற்குப் பதில் தயாரா? தனி ஃப்ரீசர்தான் சரியான பதில்.

அன்பைத் திருப்பிக் கேட்காதீங்க

நாய் மாதிரி வாலாட்டி வரவேற்காது. உங்கள் கை ஆபத்தில்லை என்று பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். புதிதாக வந்ததும் ஒரு வாரம் தொடவே வேண்டாம். சாப்பிட்டு இரண்டு நாள் கையில் எடுத்தால், விழுங்கியதைக் கக்கிவிடும். கண்ணில் நீலநிறத்தில் மங்கல் தெரிந்தால், சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போதும் விட்டுவிடுங்கள்.

ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். தொட்ட ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் 5 வயதுக்குக் கீழே குழந்தை, வயதானவர், கர்ப்பிணி இருந்தால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

20 வருஷம்... ஜோக் இல்லை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பால் பைத்தான். 1961-ல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. 2020-ல், 62 வயதுக்கும் மேல் இருக்கும் என்று கணிக்கப்பட்ட அந்தப் பாம்பு முட்டையிட்டுச் செய்தியானது. எல்லாப் பாம்பும் அவ்வளவு நாள் இருக்காது. ஆனால், 22 வயதில் நீங்கள் வாங்கும் குட்டி, உங்கள் முதல் வேலை, கல்யாணம், வெளிநாட்டு வாய்ப்பு, உங்கள் குழந்தையின் ஸ்கூல் அட்மிஷன் வரை கூடவே இருக்கும். ஹவுஸ் ஓனரிடம் எத்தனை தடவை சொல்லிச் சமாளிப்பீர்கள்?

`முடியலைன்னா எங்கேயாவது காட்டுல விட்டுடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃப்ளோரிடாவில் செல்லமாக வளர்த்த பர்மீஸ் பைத்தான்கள் தப்பியும், கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த முயல், ரக்கூன்களையெல்லாம் தின்று தீர்த்தன. 2017-ல் அவற்றைப் பிடிக்க அமெரிக்கா அழைத்தது யாரைத் தெரியுமா? நம் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால், அந்த வேலைக்கு அவசியம் வந்தது, யாரோ ஆசைப்பட்டு வாங்கிய பாம்புகளால்.

வாங்கும் முன் ஒரு டிக் லிஸ்ட்

* நம் நாட்டுப் பாம்பு இல்லை என்பது உறுதியா?
* இறக்குமதி அல்லது வளர்ப்பு ஆவணம், பால் பைத்தான் என்றால் பதிவுச் சான்று கைக்கு வந்துவிட்டதா?
* பிறந்த தேதியும், சாப்பிட்ட குறிப்பும் இருக்கிறதா?
* கண் தெளிவாக, முதுகெலும்பு துருத்தாமல், வாயில் நுரை இல்லாமல் இருக்கிறதா?
* பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா?
* உறைந்த எலி மாதா மாதம் கிடைக்குமா?
* நீங்கள் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள யார்?

ஒன்றுக்கு `இல்லை' என்றாலும் காத்திருங்கள். அதுவரை கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பிலிருந்து விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். பாம்பை அருகில் பார்த்து ரசிக்க, அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

டிக் லிஸ்ட் முழுக்க `ஆமாம்' என்று வந்துவிட்டதா? அப்படியென்றால், இப்போது கேளுங்கள் ப்ரோ... என்ன கலர் வேணும்?