சுவர் ஓதமும் மூச்சிரைப்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், மருந்து எடுத்தும் இரைப்பு தணியாமல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பகுதிகளிலிருந்து வரும் ஆஸ்துமா நோயாளிகளிடம் தவறாமல் கேட்பேன்: "வீட்டுச் சுவரில் ஓதம் உண்டா?"

பழைய செங்கற்சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதனை மெல்ல ஆவியாக வெளியேற்றும். வெப்பம் தடுக்க உட்புறம் தெர்மாகோலும் பிவிசி பலகையும் பொருத்தினால் ஈரம் பின்னால் தங்கிவிடும். குளிர்சாதன அறையெனில், ஊடுருவும் கடற்காற்றின் ஈரமும் அங்கே நீராகப் படியும். கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை வளரும். அதன் வித்துகள் ஒவ்வாமை உடையோரின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும்.

ஆகவே, ஓதமுள்ள சுவரை மூடாதீர்கள். கூரை, குழாய்க் கசிவுகளை முதலில் சரிசெய்யுங்கள்; சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பே பூசுங்கள். பூஞ்சை அகற்றும்போது நோயாளி அவ்வறையில் இருத்தலாகாது. மூச்சு சீரானாலும், மருத்துவரைக் கேளாமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.