குக்கிகள்: எதை வைக்கலாம், எதைத் தடுக்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொல் குக்கி. ஏதேனும் ஓர் இணையதளத்திற்குச் சென்றால், "நாங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகிறோம், சம்மதமா?" என்று கேட்டு ஒரு பட்டை திரையின் அடியில் வந்து நிற்கிறது. சிலர் படிக்காமலேயே சம்மதம் தந்துவிடுகின்றனர். சிலர் இது வைரஸ் என்று பயந்து அந்தத் தளத்தையே மூடிவிடுகின்றனர். குக்கி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால், எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

பெரிய கோயில்களில் செருப்பு விடும் இடத்தில் ஒரு டோக்கன் தருவார்கள். அங்கே இருப்பவருக்கு அத்தனை கூட்டத்தில் உங்கள் முகம் நினைவிருக்காது. நினைவில் வைத்துக்கொள்ள அவர் முயல்வதும் இல்லை. திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், எண்ணைப் பார்த்துச் செருப்பை எடுத்துத் தருகிறார். குக்கியும் இப்படி ஒரு டோக்கன்தான்.

இணையதளங்களின் சர்வர்களுக்கு இயல்பாகவே ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், சர்வர் அனுப்புகிறது, அத்துடன் மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். இப்படியே விட்டால் ரயில் டிக்கெட் பதிவு செய்கையில், ஒவ்வொரு பக்கத்திலும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் தர வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலுக்கு 1994ல் வழி கண்டவர், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்த லூ மாண்டுல்லி. யூனிக்ஸ் உலகில் ஏற்கெனவே புழங்கிய "மேஜிக் குக்கி" என்ற சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். சர்வர் ஒரு சிறிய டெக்ஸ்ட் துணுக்கை உங்கள் பிரவுசருக்குத் தரும். பிரவுசர் அதை வைத்திருந்து, அதே தளத்திற்கு மீண்டும் செல்லும்போது திருப்பிக் காட்டும். அவ்வளவுதான் குக்கி. இதன் அளவு அதிகபட்சம் சுமார் 4 கேபி. இது புரோகிராம் அல்ல. தானாக இயங்காது, உங்கள் பைல்களைத் திறந்து படிக்காது, பரவாது. எனவே குக்கி வைரஸ் அல்ல என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள்.

எல்லா டோக்கன்களுக்கும் ஆயுள் ஒன்றல்ல. பிரவுசரை மூடியவுடன் மறைந்துபோக வேண்டியவை செஷன் குக்கிகள். குறிப்பிட்ட தேதி வரை இருப்பவை நிலையான குக்கிகள். முன்பு பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வரும் தேதியைக்கூட இணையதளங்கள் எழுதி வைக்கும். 2022ல் குரோம் பிரவுசர் இதற்கு 400 நாள் என உச்சவரம்பு கொண்டுவந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிரவுசரைத் திறந்ததும் முன்பு பார்த்த பக்கங்களே மீண்டும் கிடைக்கும்படி குரோமில் செட் செய்திருந்தால், செஷன் குக்கிகளும் கூடவே திரும்ப வந்துவிடும். "பிரவுசரை மூடிவிட்டேன், அதனால் லாக் அவுட் ஆகியிருக்கும்" என்று நம்பி எழுந்து போகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கை சரியல்ல.

இனி வம்பு செய்யும் குக்கிகளுக்கு வருவோம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வாங்கிப் பத்து நாட்களில் என்னை அழைத்தார். "தம்பி, நேற்று ஒரு கடையின் தளத்தில் மிக்ஸி விலை பார்த்தேன். இன்று காலையில் பேப்பர் படிக்கலாமென்று நாளிதழ் தளத்தைத் திறந்தால், அதே மிக்ஸி அங்கே வந்து நிற்கிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார்கள்" என்றார். கடையில் போட்டுக் கொடுத்திருந்த ஒரு கிளீனர் புரோகிராமும் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான "ஆபத்துகள்" இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, நீக்குவதற்குப் பணம் கேட்டது. அவரும் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் போய் அந்தப் பட்டியலை விரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே விளம்பர நிறுவனங்களின் குக்கிகள். "சார், இதை நீக்கப் பைசா செலவில்லை" என்று சொல்லி, பிரவுசரிலேயே நீக்கிக் காட்டினேன். கார்டு பர்சுக்குள் திரும்பியது.

அந்த மிக்ஸி எப்படி அவர் பின்னால் வந்தது? நாளிதழ் தளத்தைத் திறக்கும்போது, செய்தி நாளிதழின் சர்வரிலிருந்து வருகிறது. அருகில் உள்ள விளம்பரம் வேறொரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கியை வைக்கிறது. அதில் 7391 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிக்ஸிக் கடையின் பக்கத்திலும் இதே விளம்பர நிறுவனத்தின் சிறிய கோடு வரி ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனதும் பிரவுசர் 7391 டோக்கனைக் காட்டுகிறது. "7391 மிக்ஸி பார்த்தது" என்று அந்நிறுவனம் குறித்துக்கொள்கிறது. மறுநாள் நாளிதழில் 7391 வந்தால் மிக்ஸி விளம்பரத்தை நீட்டுகிறது. நீங்கள் நேரடியாகச் செல்லாத மூன்றாவது ஒருவர் வைப்பதால், இதற்குத் தேர்ட் பார்ட்டி குக்கி என்று பெயர். மிக்ஸியோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நோய் அறிகுறிகள், கடன், குடும்பச் சிக்கல் என்று நாம் படிக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் நால்வர் பயன்படுத்தினால், ஒருவர் தேடியது மற்றவர் கண்ணில் விளம்பரமாக வந்து விழும்.

ஆப்பிளின் சபாரி பிரவுசர் 2020 மார்ச் முதல் தேர்ட் பார்ட்டி குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடும் முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. ஒரு டப்பாவில் உள்ள எண் அடுத்த டப்பாவுக்குத் தெரியாது. உலகில் பெரும்பாலோர் பயன்படுத்தும் குரோம் மட்டும் இழுத்தடித்தது. இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பல முறை தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. கூகுளின் வருமானமே விளம்பரத்தில்தான் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களே கைவைத்துத் தடுக்க வேண்டும்.

குரோம் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் செட்டிங்ஸ் தேர்ந்தெடுத்து, இடது புறம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதில் கிளிக் செய்தால், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்ற பிரிவு கிடைக்கும். அதனுள் சென்று பிளாக் என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனு சற்று இடம் மாறலாம். அப்போது செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் குக்கீஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் நேராக அங்கே போய்விடலாம். எட்ஜ் பிரவுசரில் டிராக்கிங் பிரிவென்ஷன் என்று தேடுங்கள். பேசிக், பேலன்ஸ்டு, ஸ்ட்ரிக்ட் என மூன்று நிலைகள் கிடைக்கும். பயர்பாக்ஸில் ஸ்டாண்டர்ட் நிலையே வீட்டிற்குப் போதும். பழைய புத்தகங்களில் டூல்ஸ் மெனு, இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் என்று படித்திருந்தால் அதைத் தேட வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசருக்கான ஆதரவை 2022 ஜூன் 15ல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது.

தடுத்த பிறகு ஏதாவது ஒரு தளம் சரியாக வேலை செய்யவில்லை என்றால், அட்ரஸ் பாரில் கண் போன்ற ஒரு ஐகான் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் கிளிக் செய்து அந்தத் தளத்திற்கு மட்டும் அனுமதி தரலாம். ஆனால் எல்லாக் குக்கிகளையும் சேர்த்துத் தடுத்துவிடாதீர்கள். மெயில், பேங்க், டிக்கெட் எதிலும் லாக் இன் ஆகவே முடியாது. டோக்கன் வாங்க மறுத்தால் செருப்பை எப்படித் திரும்பப் பெறுவது?

தேர்ட் பார்ட்டி குக்கியைத் தடுத்தால் வேவு முழுவதும் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். கூகுள் அல்லது பேஸ்புக் கணக்கில் லாக் இன் ஆகி நீங்கள் செய்பவை அவர்களுக்கு எப்படியும் தெரியும். விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறையாது, பின்தொடர்வது குறையும்.

ஏற்கெனவே சேர்ந்தவற்றை நீக்க, கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் இது வேலை செய்யும். வரும் கட்டத்தில் எவ்வளவு காலத்துக்கு உரியது என்பதைத் தேர்ந்தெடுத்து, குக்கீஸ் என்ற வரியில் டிக் செய்திடுங்கள். பாஸ்வேர்டு என்ற வரியில் டிக் இருந்தால் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் சேர்ந்து போய்விடும். நீக்கிய பின் தளங்களில் மீண்டும் லாக் இன் செய்ய வேண்டியிருக்கும். தினமும் இதைச் செய்ய அவசியமில்லை. ஒரு தளத்தின் குக்கி மட்டும் தொல்லை தந்தால், குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடது பக்கம் உள்ள ஐகானில் கிளிக் செய்து, குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா வழியாக அதை மட்டும் நீக்கலாம்.

சம்மதம் கேட்கும் அந்தப் பட்டைகள் ஐரோப்பியச் சட்டங்களால் வந்தவை. அங்குள்ள பயனாளர்களையும் கொண்ட தளங்கள் நமக்கும் அதையே காட்டுகின்றன. "அக்செப்ட் ஆல்" பெரிதாக, பளிச்சென்று இருக்கும். மறுக்கும் பட்டனைத் தேட வேண்டியிருக்கும். ஏற்பதைப் போல் மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காக, 2022 ஜனவரியில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்திருப்பதாக அறிவித்தது. ரிஜெக்ட் ஆல் இருந்தால் தயங்காமல் அதில் கிளிக் செய்யுங்கள். தளம் வழக்கம்போல் வேலை செய்யும்.

விளம்பரத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. செருப்பு டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு கிடைக்கும் அல்லவா? லாக் இன் குக்கியும் அப்படியே. அதைக் காப்பி செய்து எடுத்தவர், பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்கிற்குள் நுழைய முடியும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற புகழ்பெற்ற யூட்யூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வந்த போலி பைலை ஊழியர் ஒருவர் திறக்க, அதிலிருந்த மால்வேர் பிரவுசரில் இருந்த லாக் இன் விவரங்களை அள்ளிச் சென்றது. தொழில்நுட்பம் பேசுகிறவர்களுக்கே இந்த நிலை. விலை உள்ள சாப்ட்வேரை "கிராக்" செய்து இலவசமாகத் தரும் தளங்களில் இத்தகைய மால்வேர் நிறையவே சுற்றுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் போய் விழும் இடமும் அதுதான்.

இந்த இடத்தில் லாக் அவுட் செய்வதற்கும் குக்கியை நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு முக்கியம். குக்கியை நீக்கினால் உங்கள் கையில் உள்ள டோக்கனைத் தூக்கிப் போடுகிறீர்கள். வேறொருவர் கையில் காப்பி இருந்தால் அது செல்லும். லாக் அவுட் செய்தால், "இந்த எண் இனிச் செல்லாது" என்று சர்வரிடம் சொல்கிறீர்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். ஜிமெயில் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் எந்தெந்தக் கம்ப்யூட்டர்கள், போன்களில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் காணலாம். இந்த வேலையை மட்டும் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் அல்லது போனில் செய்யுங்கள். மால்வேர் உள்ள கம்ப்யூட்டரில் செய்தால் புது டோக்கனும் திருடு போகும்.

வீட்டில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், விண்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் அமைத்துவிடுங்கள். குக்கிகளும் தனித்தனியாகிவிடும். பிரவுசிங் சென்டரிலோ உறவினர் வீட்டிலோ மெயில் பார்க்க வேண்டியிருந்தால், குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் கீகளை அழுத்தி இன்காக்னிடோ விண்டோ திறந்து பாருங்கள். பயர்பாக்ஸில் என் கீக்குப் பதில் பி கீ. வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, திறந்துள்ள இன்காக்னிடோ விண்டோக்கள் அனைத்தையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் குக்கிகள் அழியாது.