குற்றவாளி ஸ்குரு அல்ல... வேகம்! மெஷின் விசையை முழுசா அழுத்தினால் பலகை கோவிந்தா

சென்னை நகரில் வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு இது.

புதுசாகப் போட்ட அலமாரி. சில மாதத்திலேயே கதவு தொங்குகிறது. கீல் ஆடுகிறது. ஸ்குருவைத் திருகினால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிடிக்கவில்லை.

குற்றவாளி யார்?

"பலகை மட்டம்" என்பார் ஆசாரி. "ஸ்குரு மட்டம்" என்பார் வீட்டுக்காரர். "நான் நல்ல சரக்குதாங்க குடுத்தேன்" என்பார் கடைக்காரர்.

பல வழக்குகளில் இந்த மூவருமே நிரபராதிகள். உண்மைக் குற்றவாளி தப்பி விடுகிறான். அவன் பெயர் வேகம்!

துப்பாக்கிப் பிடி

உளி, இழைப்புளி, திருப்புளி. ஆசாரியின் பையில் ஒரு காலத்தில் இவை இருந்தால் போதும். இப்போது பேட்டரி மெஷினும் சேர்ந்துவிட்டது. பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு அசல் கைத்துப்பாக்கி! அது தற்செயல் அல்ல. துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த மின்சாரத் துளைக் கருவிக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1917-ல் காப்புரிமை பெற்றார்கள். வயர் இல்லாத பேட்டரி மெஷினை அதே கம்பெனி 1961-ல் கொண்டுவந்தது.

அந்த விசையில்தான் இருக்கிறது சூட்சுமம். அது வீட்டு லைட் சுவிட்ச் போல 'ஆன்', 'ஆப்' மட்டும் அல்ல. லேசாக அழுத்தினால் பிட் மெதுவாகச் சுற்றும். அழுத்த அழுத்த வேகம் ஏறும்.

எப்படி? பேட்டரியில் இருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சில்லு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. லேசாக அழுத்தினால் சின்னத் துண்டு. முழுசாக அழுத்தினால் முழு மின்சாரம். அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு விநாடிக் கணக்கு

மெஷினின் மேலே '1', '2' என்று ஒரு கியர் பித்தான் இருக்கும். '1' போட்டால் பெரும்பாலான மெஷின்களில் நிமிஷத்துக்கு 400 முதல் 500 சுற்று வரை. '2' போட்டால் 1,500 சுற்று அளவுக்குப் பறக்கும்.

1,500 என்றால் விநாடிக்கு 25 சுற்று! ஒன்றரை அங்குல பலகை ஸ்குரு சுமார் 20 சுற்றில் உள்ளே போய்விடும். ஆக, ஒரு விநாடிக்குள் அதன் தலை பலகையைத் தொட்டுவிடுகிறது.

கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் விசையை விட வேண்டும். எப்பேர்ப்பட்ட கைகாரருக்கும் அதற்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் இன்னும் ஐந்து சுற்று!

தலை உட்கார்ந்த பிறகு சுற்றும் சுற்று ஒவ்வொன்றும் பலகைக்குள் விழுந்த மரையை அரைத்துத் தூளாக்குகிறது. தேக்குக் கட்டை ஓரளவு தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தாங்காது. வெளியே பார்த்தால் எல்லாம் ஜோர். உள்ளே பிடிப்பு காலி.

அதே வேலையை '1'-ல் செய்தால்? ஐந்து சுற்று ஓடும் நேரத்தில் ஒன்றரைச் சுற்றுதான் ஓடும். பலகை பிழைத்தது.

வழுக்கும் பிளஸ்

இன்னொரு தொல்லையும் உண்டு. பிளஸ் தலை ஸ்குரு. 1936-ல் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற தலை அது. அதன் பள்ளம் சாய்வானது. திருகும் பலம் அதிகமானால் பிட்டை அதுவே வெளியே தள்ளும்.

வேகமாகச் சுற்றும்போது பிட் வழுக்கினால் 'டர்ர்ர்' என்று சத்தம். ஸ்குருவின் தலை சட்னி! பிட்டின் முனையும் தேய்ந்துவிடும். துள்ளிய பிட் பக்கத்து மைக்காவில் ஒரு கீறல் போட்டால் போச்சு. "மொத்த ஷீட்டையும் மாத்திக் குடு" என்று வீட்டுக்காரர் நிற்பார். அன்றைய கூலி அதிலேயே போய்விடும்.

வளையம் வேறு, வேகம் வேறு

முன்பக்கம் எண் போட்ட வளையம் ஒன்று இருக்கிறது. அதுதான் கிளட்ச். அதைக் குறைத்தால் வேகம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு! அது வேகத்தைத் தொடாது. திருகும் பலத்துக்கு மட்டும்தான் எல்லை போடும். எல்லை வந்ததும் 'கடகட' என்று அடித்து, பிட் நின்றுவிடும்.

சின்ன எண்ணில் ஆரம்பிக்க வேண்டும். ஸ்குரு முழுசாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாக ஏற்ற வேண்டும். துளை போடும் படம் உள்ள இடத்தில் வளையத்தை வைத்துவிட்டு ஸ்குரு அடித்தால் கிளட்ச் விடவே விடாது. பலகையும் போகலாம், மணிக்கட்டும் பிசகலாம்.

வேகமே கூடாதா? அப்படி இல்லை. துளை போட '2' வேண்டும். ஜிப்சம் சீலிங் போடும் ஆட்கள் நிமிஷத்துக்கு 4,000 சுற்று மெஷின்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் மூக்கில் ஆழத்தை அளந்து நிறுத்தும் தடுப்பு இருக்கிறது. அலமாரி வேலை மெஷினில் பொதுவாக அந்தத் தடுப்பு கிடையாது. அங்கே விரல்தான் தடுப்பு.

கவனிக்க வேண்டியவை

ஸ்குருவுக்கு '1', துளைக்கு '2'. மெஷின் நின்ற பிறகே கியர் மாற்ற வேண்டும். ஓடும்போது மாற்றினால் பல் உடையும்.

பெரிய ஸ்குருவை '2'-ல் வைத்து, விசையைப் பாதி அழுத்தி ஓட்டக் கூடாது. மோட்டார் திணறிச் சூடாகும். '1'-ல் போட்டால் சுலபமாக இழுக்கும்.

முதலில் சின்னத் துளை, பிறகு ஸ்குரு. தலையின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் பிட்டைத்தான் போட வேண்டும். ஆரம்பமும் முடிவும் மெதுவாக. நடுவில் மட்டும் கொஞ்சம் வேகம்.

துணிக் கையுறை, தொங்கும் துண்டு, துப்பட்டா கூடவே கூடாது. சுற்றும் பிட் இழுத்துச் சுருட்டிவிடும்.

சுவிட்ச் போர்டில் வயரை இறுக்கும் ஸ்குருவுக்கு மெஷினே வேண்டாம். வேகத்தில் மரை போனால் வயர் லூசாகும். லூசான இடம் சூடாகும். அங்கிருந்து தீப்பிடிக்கவும் கூடும். அந்த ஒரு இடத்தில் பழைய கைத் திருப்புளியே போதும்.