பட்டாளத்து உத்தியோகமும் பழைய வழக்கும்

உங்கள் வீட்டுப் பையன் ராணுவ ஆபீசராக ஆசைப்படுகிறான். பரீட்சையில் தேறி விட்டான். ஐந்து நாள் நேர்முகத் தேர்வையும் தாண்டி விட்டான். டாக்டர்களும் 'சரி' என்று சொல்லி விட்டார்கள். பரங்கிமலையில் 1963 முதல் நடந்து வரும் பயிற்சிக் கூடத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி. (பையன் என்றேன், பெண்ணாகவும் இருக்கலாம். 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.)

அந்தச் சமயம் பார்த்து ஒரு படிவம் வருகிறது. எப்போதாவது கைதானதுண்டா? வழக்கு நடந்ததுண்டா? கோர்ட்டில் அபராதம், தண்டனை ஏதாவது?

பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். கல்லூரியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு கைகலப்பு. போலீஸ், கோர்ட்டு, கடைசியில் ராஜியாகி விடுதலை. "அதுதான் முடிந்து போச்சேடா, 'இல்லை' என்று எழுதிவிடு!" என்று சொல்லத்தான் தாய் மனம் துடிக்கும்.

சொல்லிவிடாதீர்கள், அம்மா! அந்தப் படிவம் போலீஸாரிடம் விசாரணைக்குப் போகும். உண்மையை மறைப்பதே தகுதிக் குறைவு என்று அதன் தலைப்பிலேயே எச்சரித்திருக்கும்.

சட்டம் கல் நெஞ்சம் படைத்ததல்ல. டில்லி போலீஸில் சேர விண்ணப்பித்த ஓர் இளைஞர், ராஜியான பழைய அடிதடி வழக்கை முதலில் மறைத்து, பிறகு தெரிவித்தார். 2011-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இளமையில் செய்த பிசகுக்காக ஒருவனை ஆயுள் முழுதும் குற்றவாளியாக முத்திரை குத்தலாமா என்று கேட்டு, ரொட்டி திருடிய ஜீன் வல்ஜீன் கதையை நினைவூட்டினார்கள் நீதிபதிகள். 1950-ல் நாகையா நடித்த 'ஏழை படும் பாடு' படத்துக்கு மூலமும் அந்தக் கதைதான்!

ஆனால் அதையே நம்பிவிட வேண்டாம். 2016-ல் மூன்று நீதிபதிகள் கூடி, அரசாங்க உத்தியோகங்களுக்குப் பொதுவாக விதி வகுத்தார்கள். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்க இடமுண்டு. பதவி உயர உயர அளவுகோலும் கடுமையாகும். ஒளிக்காமல் எழுதினாலும், எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. ஆபீசர் பதவி சின்னப் பதவியா என்ன?

பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததென்றால் கதையே வேறு. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு அந்தக் குற்றத்தால் தகுதி போகாது. பதினாறு தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

எதற்கும், படிவத்தைப் பூர்த்தி செய்யுமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். விடுதலைத் தீர்ப்பின் நகலைக் கோர்ட்டு முத்திரையோடு வாங்கி, பையனின் சர்ட்டிபிகேட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.