கண்டியில் முடியும் பாதைகள்

கண்டி மாநகர் அமைந்திருக்கும் இடத்தை நிலப்படத்தில் சற்று நேரம் உற்றுநோக்குவோர்க்கு, மலைநாட்டு அரசர்கள் அதனைத் தலைநகராகக் கொண்டதன் காரணமும், பாடசாலை விடும் வேளையில் இன்று அங்கே ஒரு பஸ் பக்கத்தில் நடந்து செல்பவனிலும் மெதுவாக ஊர்வதன் காரணமும் ஒன்றே என்பது புலப்படாமற் போகாது. கம்பளைப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி வரும் மகாவலி கங்கை பேராதனையைத் தொட்டு, கட்டுகஸ்தோட்டையில் வளைந்து, தென்னக்கும்புரைப் பக்கமாக இறங்கி, நகரை மூன்று புறமும் சூழ்ந்துகொள்ள, எஞ்சிய தெற்குப் புறத்தை ஹந்தானை மலைத்தொடர் அடைத்து நிற்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பலமுறை படை நடத்தி வந்தும் நிலைகொள்ள இயலாமல் திரும்பிய இந்தப் பள்ளத்தாக்கில் 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கால் ஊன்றினர்; ஊன்றியவுடன் அவர்கள் எதிர்கொண்ட முதற் பிரச்சினை, பிடித்த ஊருக்குப் போய்வர வழி இல்லை என்பதாகும்.

அந்த வழியை அமைக்கும் பிரயாசையில் முனைந்தவர் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ். கொழும்பிலிருந்து கண்டி வரை ஏறத்தாழ 72 மைல் நீளமுள்ள வீதியை 1820களில் அவர் வெட்டுவித்தார். பொறியியற் பொறுப்பை ஏற்றிருந்த கப்டன் டோசன் பணியின் பூரணப் பயனைக் காணாமலே 1829இல் இறந்துபோக, அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. கோபுரத்துக்குச் சற்றுக் கீழே, வீதிக்காகக் குடைந்த பாறையொன்று உண்டு. பாறையைத் துளைத்து வரும் அந்நியனுக்கே கண்டி அடங்கும் என்று ஓர் ஐதிகம் வழங்கியதாகச் சொல்வர். ராஜ்யம் விழுந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே பாறை துளைக்கப்பட்டது என்பதை ஐதிகம் பொருட்படுத்துவதில்லை. 1832இல் இவ்வீதியில் குதிரைகள் பூட்டிய அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. பேராதனையில் கங்கையின் குறுக்கே, முதிரை மரத்தாலான, 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவுப் பாலமும் அக்காலத்திலேயே எழுந்தது.

இவ்வீதி மேற்கிலிருந்து வந்தது. வடக்கே இன்னொரு வழியும் இருந்தது. அதற்குப் பொறியியலாளரும் இல்லை, நினைவுக் கோபுரமும் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். மலைநாட்டுப் போக்குவரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் கடுகண்ணாவை வழிக்குப் பல அத்தியாயங்களும் மாத்தளை வழிக்கு ஒரு பந்தியும் ஒதுக்குவது என் மனத்துக்கு ஒவ்வாதது.

கோப்பி பெருகப் பெருக மாட்டு வண்டிகள் போதாமற் போயின. தோட்டத்துரைமார் கேட்டுப் பெற்ற புகையிரதப் பாதைக்கு 1858இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கம்பனி ஒன்று முயன்று கைவிட்ட வேலையை அரசாங்கம் ஏற்று, பேவியல் என்னும் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, மோல்ஸ்வர்த் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் நடத்தி முடிக்க, 1867ஆம் ஆண்டில் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. ரம்புக்கனை வரை பெரும்பாலும் சமநிலத்தில் ஓடும் பாதை, அதன்பின் கடுகண்ணாவை வரை, ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. வீதியில் செல்லும் காருக்கு இவ்வேற்றம் ஒரு பொருட்டன்று. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருளும் வண்டிக்கோ அது பெருஞ்சோதனை. சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்த இரண்டு அல்லது மூன்று கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை போதும். இந்த ஏற்றத்தில் புவியீர்ப்பை வெல்வதற்கென்று மட்டும் அதனுடன் இன்னும் 22 கிலோகிராம் சேர்க்க வேண்டும். மழை நனைத்த தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிப்பும் தளர்ந்துவிடும். நீராவிக் காலத்தில் ரம்புக்கனையில் வண்டிக்கு இன்னோர் இயந்திரத்தைத் துணைக்குப் பூட்டியது இதனால்தான்.

பாதை திறந்த இரண்டாண்டில், 1869இல், கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கை பெரும்பாலும் அழிந்தது. எந்தச் சரக்கை முன்னிட்டுப் பாதை போட்டார்களோ அந்தச் சரக்கு மறைந்தும், பாதை மறையவில்லை. தேயிலை வந்தது, பிரயாணிகள் வந்தனர், ஏற்றமும் வளைவும் தண்டவாள அகலமும் 1860களில் தீர்மானித்தபடியே இருக்கின்றன. நெடுங்காலத் திட்டமிடல் என்னும் சாஸ்திரத்தின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது: பயணம் எத்தனை, சரக்கு எவ்வளவு என்று திட்டக்காரர் கணிப்பன பத்தாண்டில் பொய்த்துப்போகலாம், அக்கணிப்பை நம்பி அவர் நிலத்தில் கீறிய கோடோ நூற்றைம்பது ஆண்டுகள் நின்றுவிடுகிறது.

அக்கோட்டின் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பு–பதுளைப் பிரதான பாதை கண்டியைத் தொடுவதே இல்லை. பேராதனைச் சந்தியில் முக்கோணமாகப் பிரியும் கிளையே கண்டிக்குச் சென்று, அங்கிருந்து 1880இல் மாத்தளை வரை நீட்டப்பட்டது. ஆகையால் கண்டிக்குள் நுழைந்து பதுளை செல்ல வேண்டிய வண்டி, நிலையத்தில் இயந்திரத்தை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். ரம்புக்கனைக்கு மேல் தடம் ஒற்றை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் நிலையங்களிலன்றி ஒன்றையொன்று கடக்க இயலாதாகையால், நிலைய அதிபர் பிரம்பு வளையத்தில் மாட்டிய தோற்பையில் ஓர் உலோகத் தகட்டை வைத்துச் சாரதியின் கையில் கொடுப்பதும், அத்தகட்டைப் பெற்ற வண்டியே அடுத்த நிலையம் வரை செல்லும் அதிகாரம் உடையது என்பதும் மலைநாட்டுப் பாதையின் நெடுநாளைய நியதி. விபத்தைத் தடுக்க இதனினும் எளிய உபாயம் அரிது. ஆனால் இரண்டு நிலையங்களுக்கிடையே ஒரு வண்டி போய்ச் சேரும் வரை மற்றொன்று காத்திருக்கும் பாதையில், மணிக்கு எத்தனை வண்டி ஓடலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு தானே அமைந்துவிடுகிறது.

இனி நகருக்குள் வருவோம். கொழும்பு வீதி, குருநாகல் வீதி, யாழ்ப்பாண வீதி, மகியங்கனை வீதி ஆகிய பெருவழிகள் யாவும் கங்கைப் பாலங்களைக் கடந்து, வாவிக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடைப்பட்ட சிறு பரப்பில் வந்து கூடுகின்றன. குருநாகலிலிருந்து மகியங்கனை செல்பவனுக்குக் கண்டியில் எவ்வித அலுவலும் இல்லாவிடினும், பெருவழியே செல்வதாயின் அவன் கண்டிக்குள் புகுந்தே தீர வேண்டும். புகழ்பெற்ற பாடசாலைகளும் கச்சேரியும் வைத்தியசாலையும் இங்கேயே திரண்டிருக்க, மாநகர எல்லைக்குள் சுமார் ஓர் இலட்சம் பேரே வசிக்கும் ஊருக்கு நாள்தோறும் அதன் பன்மடங்கு மக்கள் வந்து போகின்றனர். 1998ஆம் ஆண்டு ஜனவரியில் தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்தபின், அதன் முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. உலக மரபுரிமைச் சின்னத்தைக் காக்கும் அவசியம் நியாயமானதே எனினும், அந்த வீதி தாங்கிய போக்குவரத்து ஏனைய வீதிகளின் தலையில் விழுந்தது.

நெரிசல் ஏன் திடீரென்று முற்றுகிறது என்பதற்குக் கணிதம் ஒரு விடை தருகிறது. ஒரே வாயில் வழியே, ஒழுங்கின்றி முன்னும் பின்னுமாக வந்து சேரும் வாகனங்கள் செல்வதாகக் கொள்வோம். வாயிலின் கொள்ளளவில் பாதியளவு வாகனங்கள் வரும்போது, வாயிலில் செல்வதும் காத்து நிற்பதுமாகச் சராசரி ஒரு வாகனமே இருக்கும். 80 சதவீதத்தில் அது நான்காகிறது, 90இல் ஒன்பது, 95இல் பத்தொன்பது. வரவு நூற்றுக்கு ஐந்து கூட, வரிசை இரட்டிப்புக்கு மேலாகிறது. பாடசாலை விடுமுறைக் காலத்தில் கண்டி வீதிகள் வியக்கத்தக்கவாறு இளகுவதும், மழைத் தூறலுடன் கூடிய ஒரு திங்கட்கிழமைக் காலையில் கெட்டம்பே வரை வாகனங்கள் உறைந்து நிற்பதும் இக்கணக்கின் இரு முனைகள். நின்று இயங்கும் இயந்திரங்களின் புகையோ, மலைகள் சூழ்ந்த தாழ்வில் இரவுக் குளிரால் கனத்துத் தங்கிய காற்றோடு கலந்து, வெயில் ஏறும் வரை வெளியேற வழியின்றிக் கிடக்கிறது.

வாயிலை அகலமாக்கினால் என்ன என்று கேட்கலாம். போக்குவரத்தை முன்கணிக்கும் முறை 1950களில் டெட்ராயிட், சிகாகோ நகரங்களில் உருப்பெற்றது: எவ்விடத்தில் எத்தனை பயணங்கள் பிறக்கின்றன, அவை எங்கே செல்கின்றன, எவ்வாகனத்தில், எவ்வீதி வழியே என நான்கு படிகளாகக் கணக்கிட்டு, இருபது ஆண்டுக்குப் பிந்திய தேவைக்கு ஏற்ப வீதி அமைப்பார்கள். 1962இல் அந்தோணி டவுன்ஸ் என்னும் பொருளியலாளர் இதன் உள்ளீடான குறையைச் சுட்டிக்காட்டினார். புதிய விரைவுவீதி திறந்ததும், வேறு வழியில் சென்றோரும், வேறு நேரத்தில் சென்றோரும், புகையிரதத்தில் சென்றோரும் அதை நாடி வந்து, உச்சவேளையில் அதனைப் பழைய நெரிசலுக்கே கொண்டுவந்து விடுகின்றனர் என்பது அவர் கண்ட விதி.

மத்திய அதிவேகப் பாதையை இக்கண்ணோடு பார்க்க வேண்டும். கடவத்தையில் தொடங்கும் அதன் முதற்பகுதி 37 கிலோமீற்றர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நின்றுபோன வேலை 2025இல் மீண்டும் ஆரம்பமாயிற்று. மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான பகுதியோ 2022 ஜனவரியிலேயே திறக்கப்பட்டுவிட்டது. தலையும் வாலுமின்றி நடுவுடல் மட்டும் பிறந்த பாதை இது. கண்டிக்கான கிளை பொத்துஹரையிலிருந்து கலகெதர வரை சுமார் 32 கிலோமீற்றராகத் திட்டமிடப்பட்டது. கலகெதரவில் இறங்கும் வாகனம் அங்கிருந்து குருநாகல் வீதியைப் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தாக வேண்டும்! கொழும்பிலிருந்து வரும் நேரத்தில் ஒரு மணி மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே நிறையும் தறுவாயில் உள்ள வாயிலுக்கு வாகனங்களை விரைவாகக் கொண்டுவந்து குவிப்பதில் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். சுதுஹும்பொலையிலிருந்து தென்னக்கும்புரைக்கு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கும் யோசனையும் நெடுநாளாக உண்டு. ஊடறுத்துச் செல்லும் வாகனங்களை நகருக்கு வெளியே நிறுத்துவதற்கு அது உதவும். நகருக்கென்றே வருவோரின் தொகையை அது குறைக்காது.

வேறொரு நியாயத்தினால் மாற்று வழி இன்றியமையாதது. 2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் மலை சரிந்து கொழும்பு வீதி அடைபட்டது. சில நாட்களுக்குள் வந்த தித்வா புயல் கண்டி மாவட்டத்தில் பேரழிவை விளைத்து, மலைநாட்டுப் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் அறுத்தது. வீதியும் தண்டவாளமும் ஒரே மலைச்சரிவைப் பற்றி ஏறுகையில் இரண்டும் ஒரே மழைக்கு இரையாகின்றன. இரண்டு பாதைகள் உண்டு என்று நிலப்படத்தில் எண்ணுவது எளிது. சரிவின் மண்ணியல் வேறுபட்டால்தான் அவை உண்மையில் இரண்டு. இவ்வகையில் கலகெதர வழிக்கு ஒரு பெறுமதி இருக்கிறது, வேகத்தின் பொருட்டு அதனை விரும்புவோர் அதிகம் எடுத்துரைக்காத பெறுமதி.

ஆயினும் எதற்கு முதலிடம் என்று கேட்டால், புகையிரத நிலையத்தருகே எழவேண்டிய பல்வகைப் போக்குவரத்து முனையத்துக்கே என்பது என் அபிப்பிராயம். இன்று குட்செட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் என பஸ் நிலையங்கள் மூன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. மாத்தளை வண்டியில் வந்திறங்கி வேறு திசைக்கு பஸ் ஏற வேண்டிய தாய், ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பையுமாக, வாகன நெரிசலின் நடுவே வீதி கடந்து ஓடுகிறாள். இந்த ஓட்டத்துக்கு அஞ்சியே பலர் கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வாங்குகின்றனர். கார்கள் ஓடும் நகர வீதியின் ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டு செல்லும். அதே தடத்தை பஸ்களுக்கு விட்டால் 4,000க்கு மேல். உலக வங்கி 2020இல் ஏறத்தாழ 6 கோடி 90 இலட்சம் டொலர் கடனுக்கு இணங்கிய முனையம், பல தாமதங்களுக்கு உட்பட்டு வந்திருக்கிறது.

கட்டடம் எழுந்தபின்னும் ஒரு கடினம் எஞ்சும். புகையிரதம் ஒரு திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. 1958இல் தேசியமயமாகிய பஸ் சேவையின் வாரிசான இலங்கைப் போக்குவரத்துச் சபை தனியே. 1979இல் மீண்டும் அனுமதி பெற்ற தனியார் பஸ்களுள், மாகாணம் விட்டு மாகாணம் செல்வன தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும், மத்திய மாகாணத்துக்குள் ஓடுவன மாகாண அதிகாரசபைக்கும் உட்பட்டவை. மாத்தளை வண்டி பத்து நிமிடம் தாமதித்து வந்தால் தெல்தெனிய பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லும் அதிகாரம் இந்நால்வருள் யாருக்கு என்பதை முனையம் திறக்குமுன் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு உலக வங்கியின் கடன் எதுவும் தேவையில்லை.