நாட்பட்ட தொற்றுகளும் கிராம்பு மருந்தும்

கிராம்பு அல்லது இலவங்கம் என்பது சிசிஜியம் அரோமேட்டிக்கம் என்னும் மரத்தின் மலராத பூமொட்டு ஆகும். மொட்டு சிவக்கும் பருவத்தில் பறித்து வெயிலில் உலர்த்துவார்கள். நம் ஊர் நாவல் மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். பல்வலி, இருமல், வாய்நாற்றம் ஆகியவற்றுக்குக் கைமருந்தாகப் பயன்படும் கிராம்பு, நாள்பட்டுத் தொடரும் தொற்றுகளையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதில் எவ்வளவு உண்மை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலூர்க் கரையும் கிராம்பும்

கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். 17-ஆம் நூற்றாண்டில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பரங்கிப்பேட்டையிலும் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தனர். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை வாங்கி, அவற்றைக் கீழைத் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். விலை குறையாமல் இருக்க, அம்போன் முதலிய சில தீவுகள் தவிர மற்ற இடங்களில் கிராம்பு மரங்களை வெட்டியும் போட்டனர். இந்தியாவில் கிராம்பு பயிரானது 1800-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த தோட்டத்தில்தான். இன்று கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

கிருமிகளை எவ்வாறு தாக்குகிறது?

நல்ல கிராம்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு. அந்த எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்னும் வேதிப்பொருள். இது பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் செல் சவ்வைச் சிதைக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த கிருமிகள் மீது கிராம்பு எண்ணெயை இட்டால் அவை அழிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் தட்டு வேறு, உடல் வேறு. விழுங்கிய யூஜெனாலைக் கல்லீரல் விரைவில் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். நுரையீரலிலோ எலும்பிலோ தங்கியிருக்கும் கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது இரத்தத்தில் நிலைப்பதில்லை. மேலும், நாட்பட்ட தொற்றுகள் பலவற்றில் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டிக்கொண்டு அதனுள் வாழ்கின்றன. வலிமையான மருந்துகளே அப்படலத்துள் நுழையத் திணறும்.

பல்லில் நடப்பது

கிராம்பின் புகழுக்குக் காரணம் பல்வலிதான். யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்த பசையைப் பல் மருத்துவர்கள் தற்காலிக அடைப்பாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். எனவே பாட்டி வைத்தியம் இங்கு பொய்யன்று.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டால் வலி அடங்கும். பல்லின் வேருக்குள் இருக்கும் தொற்று அடங்காது. வலி இல்லாததால் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகும். மாதக்கணக்கில் இப்படிக் கழிந்தால் வேர்நுனியில் சீழ் கட்டித் தாடை எலும்பு அரிக்கப்படும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டபின் வருபவர்களுக்கு உயிராபத்தும் நேரலாம். வேர்ச் சிகிச்சை செய்வது அல்லது பல்லை எடுப்பது, இரண்டில் ஒன்றே தீர்வு. இம்மாவட்டத்து மக்கள் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை; சிதம்பரம் அண்ணாமலை நகரிலேயே 1980-இல் தொடங்கப்பட்ட பல் மருத்துவக் கல்லூரி உள்ளது.

இருமலும் ஆறாப் புண்ணும்

இருமலுக்குக் கிராம்பை வாயில் போட்டுக்கொள்வது தொண்டைக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பிக் காசநோயைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை. சாதாரணக் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 6 மாதங்கள் உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணில் கிராம்பு எண்ணெய் தடவுவதும் தவறு. செறிந்த யூஜெனால் கிருமியோடு புதிதாக வளரும் தசையையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

அளவு

உலக சுகாதார நிறுவனம் சார்ந்த நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை யூஜெனாலை ஏற்கத்தக்கதாக வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 150 மில்லிகிராம். ஒரு கிராம்பில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருக்கும் என்பதால், குழம்பிலும் தாம்பூலத்திலும் சேர்வது பற்றி அஞ்ச வேண்டாம். எண்ணெயின் கணக்கு வேறு: ஒரு தேக்கரண்டியில் 3,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். 5 முதல் 10 மில்லி கிராம்பு எண்ணெயைக் குடித்த குழந்தைகள் கல்லீரல் பாதிப்புடனும் நினைவிழந்தும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே அந்தச் சிறு புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் கிராம்பை மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

கடையில் வாங்கும் கிராம்பில் எண்ணெய் எடுத்த சக்கையும் கலந்திருக்கும். ஒரு குவளை நீரில் போட்டால் நல்ல கிராம்பு அமிழும். சக்கை படுத்தவாறே மிதக்கும்.