விண்வெளிக் கதைகளும் மனோசக்தியும்



விண்வெளிப் பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களைப் படிப்பவர்களுக்கு ஒரு விந்தை தென்படும். விண்கலம் என்பது கணக்கையும் எரிபொருளையும் கொண்டு இயங்கும் இயந்திரம். ஆனால் அதே கதைகளில், பேசாமலே பிறர் மனத்தை அறிவோரும் வரப்போவதை முன்கூட்டியே காண்போரும் வருகின்றனர். இயந்திரத்தின் பக்கத்தில் இந்த மனோசக்தி எப்படி வந்து அமர்ந்தது? அதில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு உண்மை? இதைத்தான் இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

இந்த இரண்டு ஆசைகளும் நமக்குப் புதியவை அல்ல. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயையைக் காப்பாற்ற மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து வானில் அனுப்புகிறான். மகாபாரதத்தில் சஞ்சயன், வியாசர் அருளிய பார்வையால், தொலைவில் நடக்கும் குருட்சேத்திரப் போரைக் கண் தெரியாத திருதராட்டிரனுக்கு எடுத்துச் சொல்கிறான். ஒன்று, தொலைவுக்குப் போகும் ஆசை. மற்றொன்று, தொலைவில் நடப்பதை இங்கிருந்தே அறியும் ஆசை. விண்வெளி நாவல்கள் இவ்விரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தன.

அதற்குக் காரணம் தூரம்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தனர். சுங்கை ஊடாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் இருந்த மகனுக்கு ஊரிலிருந்து தாய் எழுதிய கடிதம் கடல் தாண்டி வந்து சேர்வதற்குள், அதில் எழுதியிருந்த செய்தி பழையதாகிவிடும். நோய் என்று கடிதம் வரும்போது இறப்பே நேர்ந்து முடிந்திருக்கும். விண்வெளியிலும் இதே நிலைதான். வானொலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சந்திரனை எட்ட அதற்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் போதும். செவ்வாய்க் கிரகத்திற்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 விண்கலத்திலிருந்து ஒரு செய்தி வந்து சேர இன்று 23 மணி நேரத்திற்கும் மேலாகிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கோ 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். “நலமா?” என்று கேட்டால், “நலம்” என்ற பதில் வர எட்டரை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

இப்படிக் காத்திருந்தால் கதை நகருமா? ஆகவே எழுத்தாளர்கள் மனத்தைத் துணைக்கு அழைத்தனர். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1956-இல் ‘டைம் ஃபார் த ஸ்டார்ஸ்’ என்ற நாவலை எழுதினார். அதில் இரட்டையர் இருவர். ஒருவன் விண்கலத்தில் செல்கிறான், மற்றவன் பூமியில் தங்குகிறான். இருவரும் மனத்தால் பேசிக்கொள்வதற்கு நேரமே ஆவதில்லை. ஆனால் கலம் ஒளியின் வேகத்தை நெருங்குகையில், ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, அதிலிருப்பவனுக்குக் காலம் மெதுவாகச் செல்கிறது. திரும்பி வரும்போது அவன் இன்னும் இளைஞன்; உடன்பிறந்தவனோ கிழவன். ஒரே கருவில் இருந்தவர்களைத் தூரம் எப்படிப் பிரிக்கிறது என்பதே அக்கதையின் உயிர்.

இத்துறையில் நம்மவர்கள் அறிய வேண்டிய மற்றொருவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்த இவர், 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தார். திருகோணமலைக் கடலில் இவரும் நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது, பழைய கோணேசுவரர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டனர். அக்கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் இடித்தவர்கள், 1511-இல் நம் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர்களே. பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று செயற்கைக் கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவரும் இவர்தான். இன்று வீட்டுக் கூரைகளில் காணும் தட்டு அலைவாங்கிகள் அந்த உயரத்தை நோக்கியே நிற்கின்றன.

இத்தகைய கணக்கு வல்லுநர் 1953-இல் எழுதிய நாவல் ‘சைல்டுஹூட்ஸ் எண்ட்’. குழந்தைப் பருவத்தின் முடிவு என்பது அதன் பொருள். வேற்றுலகத்தார் பெரிய கலங்களில் வந்து நம் நகரங்களின் மேல் நிற்கின்றனர். போர் ஒழிகிறது, வறுமை நீங்குகிறது. 50 ஆண்டுகள் முகம் காட்டாமலே ஆள்கின்றனர். பிறகு அவர்கள் ஏன் வந்தனர் என்பது தெரிகிறது. பூமியின் குழந்தைகளிடம் ஒரு புதிய மனோசக்தி பிறக்கிறது. அவர்களின் மனங்கள் ஒன்றோடொன்று கலந்து, பிரபஞ்சத்தில் உள்ள பெருமனம் ஒன்றில் சேரப் போகின்றன. அதுவரை அவர்களைக் காவல் காக்கவே வேற்றுலகத்தார் வந்துள்ளனர். தாய் தந்தையரை அக்குழந்தைகள் அடையாளம் காண்பதில்லை. பெற்றோர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தோட்டத்தை விட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சென்றபின், லயத்து வாசலில் தனித்து நின்ற பெற்றோரை நாம் அறிவோம். பிள்ளை உயர்கிறான் என்ற மகிழ்ச்சியும், இனி அவன் நம்மவன் அல்லன் என்ற வேதனையும் ஒரே நெஞ்சில் எழும். கிளார்க் அந்த உணர்வை மனித குலம் முழுவதற்கும் விரித்துக் காட்டினார். மனோசக்தி இங்கே ஓர் உவமையாக நின்று, சொல்லரிய பிரிவைச் சொல்லப் பயன்படுகிறது.

சரி, அந்தச் சக்தி உண்மையில் உண்டா?

1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் இதனைச் சோதிக்க முற்பட்டார். வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், விண்மீன் என ஐந்து சின்னங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாக 25 அட்டைகள். ஒருவர் அட்டையைப் பார்ப்பார், மற்றவர் அது என்னவென்று ஊகிப்பார். குருட்டு ஊகத்தில் சராசரியாக ஐந்து சரியாக வரும். சிலர் அதற்கு மிக அதிகமாகச் சொல்கிறார்கள் என்று ரைன் 1934-இல் நூல் வெளியிட்டார். விஞ்ஞானக் கதை இதழொன்றின் புகழ்பெற்ற ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இதில் ஆர்வம் கொண்டு, இத்தகைய கதைகளை எழுதுமாறு எழுத்தாளர்களை ஊக்கினார். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ முதலில் அந்த இதழில்தான் வந்தது. ஆனால் ரைனின் தொடக்ககால அட்டைகள் சிலவற்றில் சின்னம் பின்புறமே மங்கலாகத் தெரிந்தது. கட்டுப்பாட்டை இறுக்கிப் பிறர் செய்தபோது அந்த வெற்றிகள் கிட்டவில்லை.

1971-ஆம் ஆண்டில் இரண்டு சோதனைகள் நடந்தன. பிப்ரவரியில், அப்பொல்லோ 14-இல் சந்திரனுக்குச் சென்ற எட்கார் மிச்செல், ஓய்வு நேரத்தில் இத்தகைய சின்னங்களை மனத்தில் நினைத்துப் பூமியிலுள்ள நால்வருக்கு அனுப்ப முயன்றார். கலம் தாமதமாகப் புறப்பட்டதால் அவர் அனுப்பிய நேரமும் இவர்கள் எழுதிய நேரமும் சரிவரப் பொருந்தவில்லை. முடிவில் பொருள் உண்டு என்று மிச்செல் நம்பினார். விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர் இரு விஞ்ஞானிகள். விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடுதான். எனினும் ஐன்ஸ்டைனின் கணக்கை ஒட்டியே அது அமைந்திருந்தது.

ஹைன்லைனின் இரட்டையரை இப்போது நினைத்துப் பாருங்கள். மனத்தால் பேசுவது, காலம் மெதுவாவது என்ற இரண்டில், கேட்ட மாத்திரத்தில் நம்பத் தோன்றுவது முதலாவதே. ஆனால் சோதனையில் நின்றது இரண்டாவது. நம்பத் தோன்றுவது வேறு, நிலைநாட்டப்படுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிளார்க்கும் இதை உணர்ந்தார். நாவலை எழுதிய காலத்தில் மனோசக்தியில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. பிற்காலத்தில் அதே நாவலின் புதிய பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது, தாம் இப்போது அவற்றை ஏறக்குறைய முற்றிலும் ஐயுறுவதாகவும், எளிதில் நம்புவோர் ஏமாறத் தம் நூல் துணைபோகக் கூடாது என்றும் குறிப்பிட்டார். ஆயினும் கதையை அவர் கைவிடவில்லை. தமிழில் சுஜாதாவும் ‘கொலையுதிர் காலம்’ நாவலில், பேய் என்று தோன்றும் காட்சிகளுக்கு எதிரே ஹோலோகிராம் போன்ற விஞ்ஞான விளக்கத்தை நிறுத்தி, வாசகரைச் சிந்திக்க வைத்தார்.

இது நமக்கு ஏன் வேண்டும்? காணாமற்போன நகையை மனத்தால் கண்டு சொல்வதாகவும், பிள்ளையின் தேர்வு முடிவை முன்கூட்டியே அறிவதாகவும் கூறி நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி கேட்போர் எக்காலத்திலும் உண்டு. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. 25 அட்டைகளை நீங்களே தயாரிக்கலாம். நன்றாகக் கலைத்து, இருவருக்கும் நடுவில் திரை கட்டி, ஊகங்களைத் தாளில் எழுதி, கடைசியில் எண்ணுங்கள். இருபது பேர் ஆடினால் அவர்களில் ஒருவர் தற்செயலாகவே ஒன்பது சரியாகச் சொல்லிவிடலாம். அவரையே மறுநாளும் மூன்றாம் நாளும் சோதியுங்கள். எண் ஐந்தை நோக்கி இறங்குவதைக் காண்பீர்கள். பள்ளி மாணவர்களுக்கு இது நல்ல கணிதப் பாடமும் ஆகும்.

விண்வெளி நாவல்களைப் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கட்டும். 2007 அக்டோபர் 10-இல் நம் நாட்டின் ஷேக் முஸாபர் சுக்கோர் விண்வெளிக்குச் சென்றது கணக்கையும் பயிற்சியையும் துணைகொண்டுதான். ஆனால் அத்தகைய பயணத்தை விரும்பச் செய்வது கற்பனை. தஞ்சோங் பிடாராவில் உள்ள அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் சுங்கை ஊடாங்கிலிருந்து தொலைவில் இல்லை. கதை படித்த பிள்ளையை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மயிற்பொறியைக் கற்பனை செய்த மொழியில் பிறந்த பிள்ளைகள், வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், கிடைத்த பதிலைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளட்டும்.